முதல் போடாத பங்காளிகள்

முதலும் போடாமல், வேலையும் செய்யாமல், இலாபத்தில் மட்டும் பாதியை எடுத்துச் செல்லும் ஒருவரை எந்த வியாபாரியும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஆனால் வீட்டு முற்றத்தில் பத்து இருபது கோழி வளர்க்கும் எம்மில் பலரிடம் அப்படிப்பட்ட பங்காளிகள் இருக்கிறார்கள். கோழியின் குடலுக்குள் இருக்கும் புழுக்களும், இறகுக்குள்ளும் கூட்டின் வெடிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும் பேன், உண்ணிகளும்தான் அவர்கள். இவ்வாரம் இவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்களை அடையாளம் காணாமல் பிழையான ஆலோசனை சொல்லி, எனது சொந்த ராத்தாவுக்கே நட்டத்தை ஏற்படுத்தியவன் நான்.

ராத்தா அம்பாறை மாவட்டக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறார். மச்சான் மௌத்தான பிறகு இரண்டு பிள்ளைகளின் டியூஷன் செலவுக்காக 20 கலப்பின ஊர்க்கோழிகளை வாங்கி வளர்த்தார். ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 11 முட்டை வரை கிடைத்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு தீன் விலை ஏறி, பல பண்ணைகள் மூடப்பட்டு, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தபோதும் ராத்தாவின் முட்டைக்கு வாடிக்கையாளர்கள் குறையவில்லை. குறைந்தது முட்டைதான். அந்த வருட இறுதி மழையின் பின்னர் 11 முட்டை 8 ஆகி, பிறகு 5 ஆகியது.

என்னிடம் கேட்டபோது, பொருளாதாரம் எழுதுகின்றவன் என்ற தோரணையில் நான் சொன்ன பதில்: "தீன் போதாது ராத்தா. நல்ல லேயர் தீன் வாங்கிப் போடுங்க." அவரும் கடன்பட்டு இரண்டு மூடை வாங்கிப் போட்டார். முட்டை கூடவில்லை. ஒரு நாள் தொலைபேசியில், "தம்பி, இனி இந்தக் கோழியால ஆகாது. எல்லாத்தையும் இறைச்சிக்கு வித்திட்டுச் சும்மா இரிப்பம்" என்றார்.

நான் கணக்கைப் பார்த்தேனே தவிர கோழியைப் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய், அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் கடமையாற்றும் வைத்தியர் ஒருவரையும் சந்தித்து, அவர் சொன்னபடி பரிசோதித்தபோதுதான் விடயம் விளங்கியது. நான் வாங்கச் சொன்ன தீனில் ஒரு பங்கு புழுக்களுக்கே போயிருக்கிறது.

நட்டத்தின் கணக்கு

கணக்குக்காக ஒரு முட்டையின் விலை 40 ரூபா என வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். நாளொன்றுக்கு 6 முட்டை குறைந்தால் 240 ரூபா. மாதத்துக்கு 7,200 ரூபா. ஆனால் தீன் செலவு குறையவில்லை. புழு உள்ள கோழியும் சுகமான கோழியைப் போலவே உண்ணும். சில வேளை கூடவும் உண்ணும். எனவே வருமானம் பாதியாகிறது, செலவு அப்படியே நிற்கிறது. கோழி செத்து விழுந்தால் நட்டம் கண்ணுக்குத் தெரியும். இப்படிக் குறைந்துகொண்டு போகும் நட்டம் தெரியாது. ஆகவேதான் பலர் "இந்தத் தொழில் சரிவராது" என்று முடிவு கட்டி விடுகின்றனர்.

குடலுக்குள் இருப்பவர்கள்

முற்றத்துக் கோழிகளில் அதிகம் காணப்படுவது பெரிய வட்டப்புழு. வெண்மஞ்சள் நிறமானது. வளர்ந்த பெண்புழு 10 சென்ரிமீற்றருக்கும் மேல் நீளும். இதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமும் சூடும் உள்ள மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றக்கூடிய நிலையை அடைகின்றன. கோழி அந்த மண்ணைக் கிளறிக் கொத்தும்போது அவை மீண்டும் வயிற்றுக்குள் போகின்றன. அங்கு 5 முதல் 8 வாரங்களுக்குள் முழுப் புழுவாகி, தாமும் முட்டையிடத் தொடங்குகின்றன. மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளையே இது மோசமாகத் தாக்கும். அளவு கூடினால் குடலையே அடைத்துவிடும்.

அடுத்தது மயிர்ப்புழு. பெயரைப் போலவே தலைமயிர் அளவு மெல்லியது. கண்ணால் காண்பது கஷ்டம். ஆனால் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கி, கோழியை வேகமாக மெலியச் செய்வதில் இது பெரிய வட்டப்புழுவையும் விட மோசமானது.

மூன்றாவது நாடாப்புழு. இது எச்சத்திலிருந்து நேரடியாகத் தொற்றுவதில்லை. எறும்பு, வண்டு, ஈ, நத்தை போன்றவற்றின் உடலில் முதலில் வளர்கிறது. அவற்றைத் தின்னும் கோழிக்குத் தொற்றுகிறது. எச்சத்தில் அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் காணப்பட்டால் நாடாப்புழு என்று சந்தேகிக்கலாம்.

இவற்றைத் தவிர குருட்டுக்குடலில் வாழும் ஒரு சென்ரிமீற்றர் அளவான சிறு புழுவும் உண்டு. கோழிக்கு இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் வான்கோழிகளைக் கொல்லக்கூடிய ஒரு நோயின் கிருமியை இது சுமந்து செல்வதால், வான்கோழியையும் கோழியையும் ஒரே முற்றத்தில் வளர்க்கக் கூடாது.

எமது கிழக்குப் பகுதியில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மழைக்காலம் புழுக்களுக்கு அறுவடைக் காலம் போன்றது. காய்ந்த வெயில் புழு முட்டைகளை அழிக்கும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அவை பல மாதங்கள் உயிரோடிருக்கும். ராத்தாவின் முட்டைக் கணக்கு மழையோடு சரிந்ததற்கு இதுவே காரணம்.

வெளியே இருப்பவர்கள்

வெளி ஒட்டுண்ணிகள் எல்லாவற்றையும் நாம் "கோழிப்பேன்" என்றே சொல்கிறோம். ஆனால் அவற்றைப் பிரித்து அறிவது அவசியம். ஏனெனில் ஒவ்வொன்றும் இருக்கும் இடம் வேறு, மருந்து போட வேண்டிய இடமும் வேறு.

உண்மையான பேன் முழு வாழ்வையும் கோழியின் உடலிலேயே கழிக்கிறது. எச்சம் போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கினால் வைக்கோல் நிறப் பேன்கள் ஓடுவதைக் காணலாம். இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஈர் இருக்கும். கோழியை விட்டுப் பிரிந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். இது மனிதர் தலையில் வாழாது. எனவே பிள்ளைகளைக் குறித்துப் பயப்பட வேண்டியதில்லை.

சிவப்புச் சிற்றுண்ணி இதற்கு நேர்மாறானது. பகலில் கோழியின் உடலில் இருக்காது. கூட்டின் பலகை இடுக்கு, கோழி அடையும் தடியின் அடிப்பக்கம், முட்டையிடும் பெட்டியின் மூலை ஆகியவற்றில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தலைமுறை வளர்வதற்கு 7 முதல் 10 நாட்கள் போதும். கோழி இல்லாத வெற்றுக் கூட்டிலும் பல மாதங்கள் பட்டினியோடு காத்திருக்கும். ஆகவே "கூட்டை ஒரு மாதம் சும்மா போட்டுவிட்டுப் புதுக் கோழி வாங்குவோம்" என்ற யோசனை பலிக்காது.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது ஒருவகைத் தெள்ளு. கால் செதில்கள் தடித்து, மேலெழும்பி, சுண்ணாம்பு அப்பியது போல் தெரிந்தால் அது செதிலுக்கடியில் வாழும் கால் உண்ணி.

பரிசோதிப்பது எப்படி?

வைத்தியர் எங்களுக்குக் காட்டித் தந்த முறை மிக இலகுவானது. பகலில் ஐந்தாறு கோழிகளைப் பிடியுங்கள். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் தசையின்றி கத்தி போல் கூராக இருந்தால் கோழி மெலிந்திருக்கிறது. கொண்டை வெளிறியிருக்கிறதா, கால் செதில் எழும்பியிருக்கிறதா, துவாரத்தைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருட்டிய பிறகு இரண்டு மணித்தியாலம் கழித்து டோர்ச்சோடு போய், கோழி அடையும் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் துடையுங்கள். தாளில் சிவப்புக் கீறல்கள் விழுந்தால் அது இரத்தம் குடித்த சிற்றுண்ணி நசிந்த அடையாளம். ராத்தாவின் கூட்டில் தாள் முழுவதும் சிவந்துவிட்டது. "இரவில கோழி கூட்டுக்குள்ள போக மாட்டேங்குது, மாமரத்தில ஏறுது" என்று அவர் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

காலையில் விழுந்த புதிய எச்சத்தைச் சுத்தமான ஒரு போத்தலில் எடுத்து, அன்றே மிருக வைத்திய அலுவலகத்தில் கொடுத்தால் நுணுக்குக்காட்டியில் பார்த்து என்ன புழு என்று சொல்வதற்கு வழியுண்டு. இது முக்கியமானது. குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ் என்ற வேறொரு நோயாகும். அதற்குப் பூச்சி மருந்து வேலை செய்யாது.

மருந்து கொடுப்பதில் விடும் பிழைகள்

ராத்தா சும்மா இருந்தவர் அல்ல. பாமசியில் மனிதருக்கான பூச்சிக் குளிசை நான்கை வாங்கி, இடித்து, தீனில் கலந்து ஒரு தடவை போட்டிருக்கிறார். பலன் கிடைக்காததற்குக் காரணங்கள் மூன்று. அளவு தெரியாது. பலமான கோழிகள் முந்தித் தின்றுவிட, மருந்து தேவைப்பட்ட மெலிந்த கோழிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கொடுக்கவும் இல்லை.

எல்லாப் பூச்சி மருந்தும் எல்லாப் புழுவையும் கொல்லாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பிப்பரசின் வளர்ந்த வட்டப்புழுவுக்கு மட்டுமே நல்லது. லெவமிசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல் ஆகியன மேலும் பல புழுக்களுக்கு வேலை செய்யும். நாடாப்புழுவுக்கு பிரசிகுவாண்டல் என்ற மருந்து உண்டு. எது தேவை என்பதை எச்சப் பரிசோதனையின் பின் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அளவு நிறையைப் பொறுத்தது. ஓர் உதாரணம்: வைத்தியர் ஒரு கிலோ நிறைக்கு 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார்; உங்களிடம் இருப்பது 2.5 வீத திரவ மருந்து என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்குத் தேவை 15 மில்லிகிராம், அதாவது 0.6 மில்லிலீற்றர். இருபது கோழிக்கு 12 மில்லிலீற்றர். இது கணக்கு முறையை விளக்குவதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் மருந்தின் அளவை அதன் லேபலிலும் வைத்தியரிடமும் பாருங்கள். குறைத்துக் கொடுத்தால் சாகாமல் தப்பும் புழுக்களின் சந்ததிக்கு அந்த மருந்து பலிக்காமல் போகும். கூட்டிக் கொடுத்தால் கோழிக்குக் கெடுதி.

இருபது முப்பது கோழிகளே இருந்தால், மாலையில் அவை அடைந்த பின் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொண்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவதே சிறந்தது. நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் இருப்பதால் உள்ளே பீய்ச்சி அடிக்கக் கூடாது. தண்ணீரில் கலக்கச் சொன்ன மருந்தானால், முந்திய மாலையே தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, காலையில் மூன்று நான்கு மணித்தியாலத்தில் குடித்து முடிக்கக்கூடிய அளவு தண்ணீரில் மட்டும் கலந்து கொடுங்கள். எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். மருந்துக்குத் தப்பிய இளம் புழுக்களும் மண்ணிலிருந்து புதிதாகப் போகும் முட்டைகளும் இருப்பதால், வைத்தியர் சொன்ன நாளில் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டும். எங்களுக்கு மூன்று வாரம் என்று சொல்லப்பட்டது.

பப்பாசி விதை, வேப்பிலை, வெள்ளைப்பூண்டு போன்ற கைமருந்துகளைப் பலரும் கேட்கிறார்கள். கொடுப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் முட்டை பாதியாகிவிட்ட நிலையில் அவற்றை மட்டும் நம்பியிருப்பது காலத்தைக் கடத்துவதாகும்.

பேனுக்கும் உண்ணிக்கும்

பேனுக்குக் கோழியின் உடலில் மருந்து போட வேண்டும். கோழிக்கென்று அனுமதிக்கப்பட்ட பேர்மெத்ரின் தூளை இறகு விலக்கி, துவாரத்தைச் சுற்றியும் சிறகின் அடியிலும் தூவலாம். மருந்து ஈரைக் கொல்லாது. அது பொரிக்க ஒரு வாரம் வரை ஆகும். எனவே 7 முதல் 10 நாட்களுக்குள் மீண்டும் தூவ வேண்டும். இதை விட்டுவிட்டு "மருந்து சரியில்லை" என்பவர்களே அதிகம்.

சிவப்புச் சிற்றுண்ணிக்கு மருந்து போட வேண்டிய இடம் கூடு. பழைய உமியையும் மரத்தூளையும் அள்ளி எரித்துவிட்டு, இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு இடுக்குகளுக்குள் மருந்து விசிற வேண்டும். அதற்கு முன் கோழி, முட்டை, தீன், தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் விசிறுங்கள். ராத்தா, பட்டை உரியாத பழைய தடிகளை வீசிவிட்டு, வழுவழுப்பான புதுத் தடிகளைப் போட்டார். ஒளிப்பதற்கு இடமில்லாவிட்டால் உண்ணி பெருகாது.

கால் உண்ணிக்கு, இளஞ்சூட்டு சவர்க்காரத் தண்ணீரில் காலை ஊறவைத்து மெதுவாகத் துடைத்து, வசலீன் அல்லது தேங்காய் எண்ணெய் தடிப்பாகப் பூச வேண்டும். மூச்சு முட்டி உண்ணி சாகும். ஒரு தடவை போதாது. சில வாரங்களுக்குத் திரும்பத் திரும்பப் பூசுங்கள். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் ஆகியன தோலை எரித்துவிடும், வேண்டாம்.

நிழலான ஒரு மூலையில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு பெட்டியில் வைத்தால் கோழிகள் தாமே புரண்டு பேனைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியையோ, நாய் பூனைக்குப் போடும் உண்ணி மருந்தையோ கோழிக்குப் போடாதீர்கள். 2017 ஆம் ஆண்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்தது இதற்குப் பாடம். சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிப்பதற்காகப் பண்ணைகளில் விசிறிய மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்தது. நாய், பூனை உண்ணிகளுக்குப் பயன்படும் இந்த இரசாயனம், உணவுக்கான பிராணிகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அது முட்டையில் கண்டுபிடிக்கப்பட்டதும் இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. பல பண்ணைகள் மூடப்பட்டன. உண்ணியால் வந்த நட்டத்தை விட, பிழையான மருந்தால் வந்த நட்டம் பல மடங்காகியது.

முட்டையை விற்கக் கூடாத நாட்கள்

கோழிக்குக் கொடுக்கும் மருந்து முட்டைக்கும் இறைச்சிக்கும் போகும். எனவே ஒவ்வொரு மருந்துக்கும் விற்பனையை நிறுத்த வேண்டிய நாட்கள் உண்டு. சில மருந்துகளுக்கு ஒரு நாளும் தேவைப்படாது. சிலவற்றை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. லேபலில் இல்லாவிட்டால் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். எங்கள் மருந்துக்கு அவர் 14 நாட்கள் என்று எழுதித் தந்தார். இரண்டாம் முறை கொடுத்ததும் மீண்டும் 14 நாட்கள். அதை உங்கள் மருந்துக்கும் அளவாகக் கொள்ள வேண்டாம்.

ராத்தாவுக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். கடன் இருக்கிறது. முட்டை கையில் இருக்கிறது. வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "ஒரு கிழமை போனாப் போதும், ஆருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லியிருக்கிறார். என்னிடமும் கேட்டார். ஒரு தடவை பிழையான ஆலோசனை சொன்னவன் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அவரே முடிவு செய்தார். "என்னட்ட முட்டை வாங்கிறதெல்லாம் சின்னப் புள்ளையளுக்குக் கொடுக்கத்தான். எனக்குத் தெரியுமே தம்பி" என்றார். வந்தவர்களிடம் மருந்து கொடுத்திருப்பதை மறைக்காமல் சொல்லி, திகதியையும் சொல்லி அனுப்பினார். அந்த முட்டைகளை மண்ணில் புதைத்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் 14 நாட்களில் நாளுக்கு 5 வீதம் 70 முட்டை. இரண்டாம் 14 நாட்களில் நாளுக்கு 8 வீதம் 112 முட்டை. மொத்தம் 182 முட்டை, 7,280 ரூபா. அதாவது புழுவினால் ஒரு மாதத்தில் ஏற்பட்ட நட்டத்துக்கு ஏறத்தாழச் சமம். மருந்துச் செலவைச் சேர்த்தாலும், முட்டை பழைய அளவுக்கு வந்த இரண்டாம் மாதத்துக்குள் எல்லாம் ஈடாகிவிட்டது. நாளுக்கு 10 முட்டைக்கு மேல் கிடைக்கத் தொடங்கியபோது, திருப்பி அனுப்பப்பட்ட வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட வேறிடம் போயிருக்கவில்லை. புதிதாக இருவர் வந்திருந்தார்கள்.

திரும்ப வராமல் இருக்க

மருந்து கொடுத்துவிட்டு அதே ஈர முற்றத்தில் விட்டால் சில மாதங்களில் பழைய நிலைதான். ராத்தா இன்று செய்வனவற்றை எழுதி முடிக்கிறேன்.

1. தீனும் தண்ணீரும் நிலத்தில் இல்லை. கோழியின் முதுகளவு உயரத்தில் தொங்குகின்றன.
2. முற்றம் வலையால் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பக்கம் கோழி மேயும்போது மறுபக்கம் வெயிலில் காய்கிறது.
3. குஞ்சுகள் பெரிய கோழிகளோடு சேர்வதில்லை. அவற்றுக்குத் தனி இடம்.
4. புதிதாக வாங்கும் கோழி மூன்று வாரம் தனிக்கூட்டில். பரிசோதித்த பின்பே சேர்ப்பு.
5. கூட்டின் உமி ஈரமானால் அன்றே மாற்றப்படுகிறது.
6. மழைக்கு முன்னும் மழை முடிந்த பின்னும் எச்சப் பரிசோதனை. தேவையென்றால் மட்டும் மருந்து. ராணிக்கெட் தடுப்பு மருந்துக்குக் கோழி தெம்பாக இருக்க வேண்டும் என்பதால், புழு மருந்து அதற்கு முன்பே.
7. மாதத்தில் ஓரிரவு டோர்ச்சும் வெள்ளைத் தாளும்.
8. ஒரு கொப்பியில் தினமும் முட்டை எண்ணிக்கை, மருந்து கொடுத்த திகதி, விற்கத் தொடங்கும் திகதி.

எட்டாவதே எல்லாவற்றிலும் முக்கியம் என்பது எனது அபிப்பிராயம். முட்டை 11 இலிருந்து 8 ஆனபோது கொப்பி இருந்திருந்தால், 5 ஆகும்வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்திராது. நானும் இரண்டு மூடை தீன் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த இரண்டு மூடைக்கான கடனை நானே அடைத்தேன் என்பதையும் இங்கு சொல்லிவிடுகிறேன்.